மாஷாங்கேயின் இரண்டு எண்கள்

கார்டு மாஹடேபேயிடம் இருக்கும். அதன் நாலு இலக்க ரகசிய எண்ணில் முதல் இரண்டு மாஷாங்கேக்கு மட்டும் தெரியும், கடைசி இரண்டு ஸிபுயிலேக்கு மட்டும். டிசம்பரில் சாமான் வாங்க மூன்று பேரும் சேர்ந்துதான் மொத்தக் கடைக்குப் போக வேண்டும். கல்லாவில் மாஷாங்கே தன் இரண்டு எண்களை அழுத்திவிட்டு நகர்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். பிறகு ஸிபுயிலே வந்து தன்னுடையதை அழுத்துவாள். இந்த விசித்திரமான வரிசையைத் தூரத்தில் பார்த்தாலே கல்லாவில் இருக்கும் பெண்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சிரிப்பை மசகானே சீட்டுப் பெண்கள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் எம்பாலியில் தெருவுக்குத் தெரு இப்படி ஒரு சீட்டு உண்டு. மசகானேயில் பன்னிரண்டு வீடு. மாதம் முந்நூறு ராண்ட் கொண்டுபோய் கடையிலேயே கட்டினால் அது சீட்டின் பெயரில் உள்ள ப்ரீபெய்டு கார்டில் ஏறும். அந்தக் கார்டில் பணமாக எடுக்க முடியாது, சாமான்தான் வாங்கலாம். வருடக் கடைசியில் சோளமாவு, சர்க்கரை, எண்ணெய், கோழிப் பெட்டி, டின் மீன், ஒரு வாளி பிஸ்கட் என்று வண்டி நிறைய வந்து இறங்கும். கிறிஸ்துமஸுக்கு ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் போட்டது போக, மிச்சத்தில்தான் ஜனவரி ஓடவேண்டும். ஜனவரியில் எம்பாலியில் யார் கையிலும் காசு இருக்காது.

சாமான் மட்டுமே வாங்க முடிகிற கார்டை யார் என்ன செய்துவிட முடியும் என்று முன்பு எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்போது கார்டும் எண்ணும் ஒரே பெண்ணிடம் இருந்தன. ஒரு நவம்பரில் அவள் மகனைப் போலீஸ் பிடித்தது, வக்கீல் முன்பணம் கேட்டார். அவள் அதே மொத்தக் கடையில் எண்ணெயும் சிகரெட்டும் பெட்டி பெட்டியாக வாங்கி, தெருமுனைப் பெட்டிக்கடைகளில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாள். அந்த வருடம் பன்னிரண்டு வீட்டிலும் முட்டைக்கோசுதான் கிறிஸ்துமஸ் விருந்து. அவள் வீட்டை விற்றுவிட்டு டர்பன் பக்கம் போனாள். அதன் பிறகு மாஹடேபே தலைவியானாள்.

மாஹடேபே ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்தவள். ஒரு தலையணை உறை குறைந்தாலும் கண்டுபிடிக்காமல் விடமாட்டாள் என்று பேர். கடைக்காரர்கள் சீட்டுக்காரர்களைக் கூட்டி, கார்டைப் பொறுப்பாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு பெண்ணை விட்டுப் பேசவைத்தார்கள். எண்ணை எங்கும் எழுதி வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், கட்டிய கணவனிடம்கூட. மாஹடேபே அதைக் கேட்டுவிட்டு வந்து இன்னும் ஒரு படி மேலே போனாள். முழு எண்ணும் எவளுக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் அவள் சீட்டில் இல்லை. எல்லோரும் கை தூக்கினார்கள்.

இரண்டு பேர் வேண்டும். அவர்கள் எந்தக் காலத்திலும் கூட்டுச் சேராதவர்களாக இருக்க வேண்டும். யார் அந்த இரண்டு பேர் என்று யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மாஷாங்கே, டாக்ஸி வேன் ஓட்டிய ஸ்வெலாக்கேயின் மனைவி. முறைப்படி பெண் வீட்டுக்கு மாடு கொடுத்துக் கட்டப்பட்டவள். ஸிபுயிலே, அதே ஸ்வெலாக்கே கடைசிப் பத்து வருடம் கூடப்போய் வாழ்ந்தவள். அவளுக்காக யாரும் மாடு கொடுத்ததில்லை, அதனால் சீட்டில் அவளை மட்டும் யாரும் 'மா' சேர்த்துக் கூப்பிட மாட்டார்கள், வெறும் பெயர்தான். ஸ்வெலாக்கே விபத்தில் செத்தபோது, விதவைக்குரிய பாயில் மாஷாங்கே உட்கார்ந்தாள். ஸிபுயிலே கேட்டுக்கு வெளியே அக்கம்பக்கத்தாரோடு நின்றாள். அவளுடைய மகள் அப்பன் குழியில் ஒரு பிடி மண் போடக்கூட விடப்படவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. மாதக் கூட்டத்தில் ஒருத்தி தண்ணீர் ஊற்றிய குவளையை மற்றவள் தொடமாட்டாள். மாஹடேபேக்கு அதைவிட நல்ல பூட்டு கிடைத்திருக்காது.

அந்தப் பூட்டு சில வருடம் சிக்கலில்லாமல் வேலை செய்தது.

அக்டோபரில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாஷாங்கே கொடிக்கம்பியைப் பிடித்தபடியே சரிந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது, பேச்சும் போயிருந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். அது ஆமா, இல்லை, தண்ணி, வலி எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம். மகள் லொண்டேக்கா துணிக்கடை வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருந்தாள். அக்டோபர் சீட்டுப் பணம் கட்டவில்லை. நவம்பரும் கட்டவில்லை.

இரண்டு மாதம் கட்டாதவளுக்கு அந்த வருடச் சாமானில் பங்கில்லை, கட்டியது சீட்டுக்கே சேரும். இது பழைய விதி. இரண்டு வருடம் முன்பு வேலை போன ஒருத்தியை இந்த விதியில்தான் வெட்டினார்கள். அன்று அவளுக்காகப் பரிந்து பேசியவர்களை, இரக்கப்படுகிறவர்கள் சொந்தப் பங்கிலிருந்து கொடுக்கட்டும் என்று சொல்லி வாயடைத்தவள் மாஷாங்கே. நவம்பர் கூட்டத்தில் அவள் பெயர் வந்ததும் அதையே யாரோ நினைவுபடுத்தினார்கள். மாஹடேபே வாக்கெடுத்தாள். முதலில் உயர்ந்த கை ஸிபுயிலேயுடையது.

எண்ணைப் பற்றி மாஹடேபே அதற்கு முன்பே கடையில் விசாரித்திருந்தாள். புதிய எண் வேண்டுமென்றால் பதிவான இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைமை அலுவலகம் ஜொஹான்னஸ்பர்க்கில், அதுவும் விடுமுறைக்கு மூடப்போகிறது. ஆக, ஜனவரிக் கடைசி ஆகும். மூன்று தடவை தப்பாக அழுத்தினாலும் அதே கதிதான், கார்டு முடங்கும். மாஹடேபேயின் கணக்கு சுலபமாக இருந்தது. மாஷாங்கேயின் இடது கை நன்றாக இருக்கிறது. அவளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம், அவள் அழுத்தட்டும். வெட்டிய விஷயத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

லொண்டேக்காவிடமும் வெட்டியதைச் சொல்லவில்லை. அம்மா இல்லாமல் சாமான் வராது என்று மட்டும் சொன்னார்கள். அவள் அம்மாவுக்குத் தலைவாரி, கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றி அனுப்பினாள், தானும் கூட ஏறிக்கொண்டாள். ஏறியவள் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் மாட்டிக்கொண்டாள். வேனுக்குள் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, பின்னால் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை.

மாஷாங்கேக்குக் கேட்டது. வாய் போனால் காதும் சேர்ந்து போய்விடும் என்று அந்தப் பெண்கள் நினைத்திருந்தார்கள். நடு இருக்கையில் ஜன்னலோரம் அவளைச் சாய்த்து வைத்துவிட்டு, அவள் தலைக்கு மேலாகவே பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அவ பங்குக் கோழிய என்ன பண்றது? பதினொன்னா பிரிக்க வராதே," என்றாள் ஒருத்தி.

"வராட்டி என்ன, வெட்டிப் பிரிச்சுக்கலாம். எனக்குத் தொடை மட்டும் போதும், பேராச இல்ல."

"ஆமா, உன் தொடைக்கு அது வேற வேணுமா."

சிரித்தார்கள். மாஹடேபே மாஷாங்கேக்கு முன் வரிசையிலிருந்து திரும்பி, இப்போது அந்தப் பேச்சு வேண்டாம் என்றாள். பின்னால் இருந்தவள் மாஷாங்கேயின் முகவாயைத் துண்டால் ஒற்றிவிட்டாள்.

"அதுக்கு என்னம்மா தெரியப்போகுது. எச்சி ஒழுகுறதே தெரியல."

ஸிபுயிலே கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

கடையில் சாமான் ஏற்கெனவே நான்கு தள்ளுவண்டிகளில் அடுக்கியிருந்தது. சாமான் ஏற்றும் தட்டையான வண்டி ஒன்றில் மாஷாங்கேயை உட்காரவைத்துக் கல்லாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கல்லாப் பெண் எண் அழுத்தும் கருவியை ஒயரோடு இழுத்து அவள் மடிக்கு நேராகப் பிடித்தாள். ஸிபுயிலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாஷாங்கே இடது ஆள்காட்டி விரலால் இரண்டு முறை அழுத்தினாள். ஸிபுயிலே வந்து தன் இரண்டை அழுத்தினாள். கருவி ஏற்கவில்லை.

மாஹடேபே முதலில் பார்த்தது ஸிபுயிலேயைத்தான். சரியாகத்தான் அழுத்தினாளா என்று கேட்டாள். மாஹடேபே குனிந்து, நோயாளிக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவள்போல மாஷாங்கேயின் கையைத் தடவிக் கொடுத்தாள். விரல் நடுங்கும், பரவாயில்லை, அவசரம் இல்லை, மெதுவாக என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

மாஷாங்கே மெதுவாகவே அழுத்தினாள். விரல் நடுங்கவில்லை. ஸிபுயிலே தன் பங்கை அழுத்தினாள். மறுபடியும் ஏற்கவில்லை. கல்லாப் பெண் கார்டை உருவி மாஹடேபேயிடம் நீட்டி, இன்னும் ஒரே ஒரு தடவைதான், இன்றைக்கு வேண்டாம், யோசித்துவிட்டு வாருங்கள் என்றாள்.

எல்லோரும் மாஷாங்கேயைப் பார்த்தார்கள். அவளுடைய வாயின் ஒரு பாதி தொங்கிக் கிடந்தது. அசைய முடிந்த மறுபாதி சிரித்துக்கொண்டிருந்தது.

திரும்பும்போது மாஷாங்கேயின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஏற்றும்போது நாலு கைகள் இருந்தன, இறக்கும்போது ஒன்றும் வரவில்லை. லொண்டேக்காவும் ஓட்டுநரும் அவளைத் தூக்கினார்கள். கதவோரம் இருந்த ஸிபுயிலே வழிவிடுவதற்காக இறங்கியவள், ஒரு காலைப் பிடித்தாள். மற்றவர்கள் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநருக்குப் பிடி நழுவியது. மாஷாங்கே நடைபாதைக் கல்லில் இடுப்பு அடிபட விழுந்தாள். அந்த ஒரே சத்தம் வந்தது. வேனுக்குள்ளிருந்து ஒருத்தி, தப்பாக அழுத்தத் தெரிந்தவளுக்கு நடக்கவும் தெரியும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு உடம்பு தாங்காது, படுக்கையிலேயே வைத்திருங்கள், எழுப்பவே கூடாது என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனி அவளைக் கடைக்குக் கொண்டுபோக முடியாது. அந்த இரண்டு எண்களும் ஒரு கட்டிலில் கிடந்தன.

மாஹடேபே பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். கட்டிலருகே முழங்கால் போட்டுச் சத்தமாக ஜெபம் செய்தாள். ஆமென் சொல்லிவிட்டு எழுந்து, அதே குரலில் தொடர்ந்தாள்.

"மாஷாங்கே, உனக்கு எல்லாம் வெளங்குதுன்னு இப்ப எனக்குத் தெரியும். அதனால நேராவே சொல்றேன். நீ ரொம்ப நாள் இருக்கப்போறதில்ல. உன் சாவுக்குப் பந்தல் போட்டு, அண்டா வெச்சு, முந்தின ராத்திரி பூரா ஒக்காந்து உருளைக்கெழங்கு தோல் சீவப்போறவங்க யாரு? நாங்கதானே. எங்க பிள்ளைங்கள இந்த கிறிஸ்துமஸுக்குப் பட்டினி போட்டுட்டு நீ போனேன்னா, உன் வாசல்ல ஒரு கத்தி, ஒரு பொம்பள இருக்கமாட்டா. உன் மக தனியா நின்னு, கடைல வாங்கின ரொட்டிய ஆளுக்கு ஒண்ணு குடுத்து உன்னப் பொதைக்கட்டும்."

எம்பாலியில் ஒருத்தியிடம் சொல்லக்கூடியதில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. லொண்டேக்கா அழுதுவிட்டாள். வெட்டிய விஷயத்தையும் மாஹடேபே அப்போதுதான் அவளிடம் சொன்னாள். பெயரைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள், அம்மா சொல்லிவிடுவாள் என்று கேட்டுப்பார்த்தாள். ஒருத்திக்கு வளைத்தால் விதி எல்லோருக்கும் வளையும் என்று மாஹடேபே சொல்லிவிட்டாள். அவள் நம்பித்தான் சொன்னாள். கட்டிலில் கிடந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாஹடேபே வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

ஸிபுயிலே பள்ளிக்கூட வாசலில் அமாக்வின்யா என்ற மாவு உருண்டையை எண்ணெயில் பொரித்து விற்பவள். பள்ளி மூடியாகிவிட்டது, எண்ணெய்ச் சட்டி கவிழ்த்துக் கிடந்தது. வீட்டில் அவள் மகளும், செத்துப்போன தங்கை விட்டுப்போன இரண்டு பிள்ளைகளும். மாவு மூட்டையின் அடியைத் தட்டிப் பார்த்த ஒரு காலையில் அவள் கிளம்பி மாஷாங்கேயின் வீட்டுக்கு நடந்தாள். ஸ்வெலாக்கே உயிரோடு இருந்தபோதும் செத்தபிறகும் அந்த வாசற்படியை அவள் மிதித்ததில்லை. லொண்டேக்கா கதவை மறித்து நின்றாள். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. லொண்டேக்காவுக்கு அதன் அர்த்தம் புரிந்திருக்க வேண்டும், விலகினாள்.

ஸிபுயிலே உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே பேசினாள்.

"நான் உனக்கு நல்லவ இல்ல. உன் புருஷனப் பட்டப்பகல்ல கூட்டிட்டுப் போனவ. ஆனா உன்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா? உன் பேர வெட்ட மொதல்ல கை தூக்கினவ நான்தான், அதையும் உன் மூஞ்சிக்கு நேராச் சொல்றேன். இப்ப எனக்கு அந்தச் சாமான் வேணும். உன் ரெண்ட எனக்குக் குடு. உன் பங்க முழுசாக் குடுக்கறதாச் சொன்னாத்தான் நான் அழுத்துவேன். மாட்டேன்னா கார்டு அங்கயே சாகட்டும், எவளுக்கும் கெடைக்க வேணாம்."

மாஷாங்கேயின் வீட்டுக்கு வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள், இல்லையென்றால் ஜெபம் செய்து மிரட்டினார்கள். இவள் ஒருத்திதான் வந்து நின்று வேண்டியதைக் கேட்கிறாள். மாஷாங்கே மகளைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தாள். லொண்டேக்கா வெளியே போனாள்.

இடது கை போர்வைக்கு மேல் வந்து விரிந்தது. ஸிபுயிலே கிட்டே போய்த் தன் கையைக் கொடுத்தாள். மாஷாங்கே அவள் உள்ளங்கையில் ஒரு விரலால் எண்ணித் தட்டினாள், நிறுத்தினாள், மறுபடியும் தட்டினாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். ஸிபுயிலே அதே தட்டல்களை அதில் திருப்பித் தட்ட வேண்டியிருந்தது. சரியாக வரும்வரை மாஷாங்கே விடவில்லை. அந்தக் கையில் தைல வாசனை அடித்தது.

ஸிபுயிலே நேராக மாஹடேபேயிடம் போய்த் தன் நிபந்தனையைச் சொன்னாள். பன்னிரண்டு பங்கு, இல்லையென்றால் கிடையாது. மாஹடேபே அவளை உட்காரச் சொல்லி, தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

"அப்ப நாலும் இப்ப உன்கிட்ட இருக்கு," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் சீட்டுக்காரிகள் இரண்டு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஸிபுயிலேயின் வீட்டுக்குத் துணைக்கு வந்துவிட்டார்கள். அவள் கழிப்பறைக்குப் போனால் ஒருத்தி வாசலில் நின்றாள். கைப்பேசியை, சார்ஜ் போட்டுத் தருவதாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் வேனில் அவளை நடுவில் உட்காரவைத்தார்கள். கார்டு மாஹடேபேயின் மார்க்கச்சைக்குள் இருந்தது.

கல்லாவில் ஸிபுயிலே கருவியை வாங்கிக்கொண்டு, வாக்கைச் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் கேட்க மாஹடேபே சொன்னாள்: பன்னிரண்டு பங்கு, மாஷாங்கேக்கு முழுப் பங்கு, ஆண்டவர் சாட்சி. ஸிபுயிலே நாலு எண்களையும் அழுத்தினாள். கருவி ஏற்றுக்கொண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். கல்லாப் பெண்ணும் கைதட்டினாள்.

மாஹடேபேயின் முற்றத்தில் நீலத் தார்ப்பாய் விரித்துப் பன்னிரண்டு குவியல் போட்டார்கள். மாஹடேபே ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். தள்ளுவண்டிகளும் கைவண்டிகளும் வந்து போயின. பத்துப் பேர் எடுத்துக்கொண்டார்கள், யாரும் கிளம்பவில்லை. இரண்டு குவியல் மீதி இருந்தது. மாஹடேபே குனிந்து, அதில் ஒன்றிலிருந்து எண்ணெய்க் கேனை எடுத்துப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். பிறகு சர்க்கரையை எடுத்து இன்னொருத்தியிடம்.

ஸிபுயிலே அது என்னுடையது என்றாள்.

"நாலு நம்பரும் ஒருத்திக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா அவ சீட்டுல இல்ல. இதுக்குக் கை தூக்கினவங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க. நீயும் தூக்கின."

"தெரியாம இருந்திருந்தா இதெல்லாம் இங்க எப்படி வந்திருக்கும்?"

"அதுக்கு ஆண்டவர் உனக்குக் கூலி குடுப்பார்," என்றாள் மாஹடேபே. குரலில் கேலி இல்லை. "நான் சொன்ன சொல்லத் தாண்டல. பன்னெண்டு பங்கு போட்டேன். மாஷாங்கே பங்கு முழுசா இருக்கு, பாத்துக்க. அவகிட்ட நீதான் வாக்குக் குடுத்த, நீயே கொண்டுபோய்க் குடு."

ஸிபுயிலே சுற்றிப் பார்த்தாள். அவள் வீட்டில் பாய் விரித்துப் படுத்தவள் கோழிப் பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பிஸ்கட் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏன் ஸிபுயிலே, மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சுக்கற? ஒரு குவியல ரெண்டு பேரும் பாதி பாதி வெச்சுக்குங்க. ஒரு ஆம்பளையவே பிரிச்சுக்கிட்டவங்க, ஒரு மூட்டை மாவு பிரிக்க முடியாதா?"

முற்றம் முழுக்கச் சிரித்தது. மாஹடேபேகூடக் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஸிபுயிலே மீதிக் குவியலைக் கைவண்டியில் ஏற்றினாள். கொடுத்த வாக்கு முழுப் பங்குக்கு. தெருவில் இறங்கியபோது அவள் மாஷாங்கே வீட்டை நோக்கித்தான் தள்ளினாள். வழியில் அவள் வீடு இருந்தது. பிள்ளைகள் சக்கரச் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்து, கைவண்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுத்தார்கள். அவள் பாதியை இறக்கினாள். எண்ணெய் இரண்டில் ஒன்று, சின்ன மாவு மூட்டை, கோழியில் பாதி, பிஸ்கட் முழுவதும், ஏனென்றால் வாளியைத் தங்கை மகள் திறந்துவிட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றுமே இல்லாமல் போயிருக்க வேண்டியது, பாதியாவது வந்தது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மீதியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

சாமான்களைக் கட்டிலருகே இருந்த மேசையில், மாஷாங்கே பார்க்கும்படி அடுக்கினாள். பெரிய மாவு மூட்டையைக் கதவருகே சார்த்தினாள். மாஷாங்கேயின் கண் ஒவ்வொன்றாகப் போய்வந்தது. சீட்டுச் சாமான் பட்டியல் பன்னிரண்டு பேருக்கும் மனப்பாடம், வருடம் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மீதி எங்கே என்று லொண்டேக்கா கேட்டாள். ஸிபுயிலே முற்றத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். லொண்டேக்கா இடைமறித்தாள்.

"முழுப் பங்கையும் உன் கையிலதான் குடுத்து அனுப்பினதா இப்பத்தான் ஒரு அம்மா கேட்டாண்ட நின்னு சொல்லிட்டுப் போனாங்க. எண்ணிப் பாத்து வாங்கிக்கச் சொன்னாங்க."

"முழுசாத்தான் குடுத்தாங்க. என் பங்க அவங்க எடுத்துக்கிட்டாங்க."

"அதனால எங்கம்மாதுல நீ எடுத்துக்கிட்ட."

அந்தப் பெண் சொன்னது சரியாகவே இருந்தது. ஸிபுயிலே கட்டிலைப் பார்த்தாள். மாஷாங்கே தன் இடது கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, எட்டிய தேயிலைப் பொட்டலத்தைப் பிடித்துத் தரையில் தள்ளினாள். அடுத்து மீன் டின். அது உருண்டு சுவரில் முட்டியது. இடுப்பு வலித்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறை நீட்டும்போதும் முகம் கோணியது. சர்க்கரைப் பையை இரண்டு முறை முயன்று தள்ளினாள், அது கிழிந்து கொட்டியது. லொண்டேக்கா மண்டியிட்டு, வேண்டாம்மா, விடும்மா என்று கெஞ்சிக்கொண்டே சர்க்கரையை உள்ளங்கையால் கூட்டினாள். அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

தள்ள முடிந்ததெல்லாம் தரைக்கு வந்தபிறகுதான் மாஷாங்கே ஓய்ந்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஸிபுயிலே காத்திருந்தாள். இருக்கட்டும் என்று லொண்டேக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் விட்டுவிட்டுப் போயிருப்பாள். லொண்டேக்கா சர்க்கரைக் கையோடு அம்மாவின் பின்தலையைப் பார்த்தாள், தரையில் கிடந்தவற்றைப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போ," என்றாள்.

ஸிபுயிலே டின்களைப் பொறுக்கினாள். எண்ணெய்க் கேன், தேயிலை, பீன்ஸ், உறை இளகத் தொடங்கியிருந்த கோழி. எல்லாம் கைவண்டியில் ஏறின. கேட்டைத் தாண்டித் தெருவில் நிறுத்திவிட்டு, கதவருகே சார்த்தியிருந்த மாவு மூட்டைக்காக அவள் மறுபடியும் உள்ளே வந்தாள். அதையும் யாரும் தடுக்கவில்லை.